பெட்டி படுக்கையோடு வந்த ஆட்டக்காரர்

ரிங்கடி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு நாலே வரியில் பதில் எழுதிவிட்டு, 'இந்த ஜஸ்டின் பிரௌன்லீ மாதிரி ஆட்கள் கூலிக்கு மாரடிக்கிறவர்கள்' என்று முடித்திருந்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன். படித்தவர்களுக்கு அப்படிப் படவில்லை. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. இந்த இதழ் முழுக்க அதற்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மற்ற எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன.

ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறவன்' என்று எழுதலாமா ஐயா? முதலில் யார் அந்த பிரௌன்லீ?
ஆர்.எஸ்., கோவில்பட்டி

எங்கள் ஊரில் இழவு வீட்டுக்கு ஒப்பாரி வைக்க வரும் கிழவிகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். செத்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. வெற்றிலை பாக்கும் காசும் பேசி அழைத்து வருவார்கள். பாட ஆரம்பித்துக் கால் மணி நேரம் போனால் அந்த அம்மாள் கண்ணில் வருவது நிஜக் கண்ணீராக இருக்கும். ரத்த சொந்தம் வாசலில் நின்று பந்தல்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும். அந்தக் கிழவிகளை நினைத்துத்தான் எழுதினேன்.

பிரௌன்லீ 1988-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்களை எடுத்தபோது 60 பெயர்களை வாசித்தார்கள். அவர் பெயர் அதில் இல்லை. பிறகு அமெரிக்காவின் சின்ன லீக்கில் கொஞ்சம், வெளிநாட்டில் கொஞ்சம் என்று நாலைந்து வருடம் ஓடிற்று. 2016-ல் மணிலாவின் பராங்காய் ஹினெப்ரா அணி பால் ஹாரிஸ் என்பவரை வெளிநாட்டு ஆளாக வைத்திருந்தது. அங்கே அப்படிப்பட்டவரை 'இம்போர்ட்' என்றே சொல்வார்கள், சரக்கு மாதிரி. ஹாரிஸுக்கு அடிபட்டது. திருவிழா நாடகத்தில் ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து ஊர் செட்டிலிருந்து அவசரமாக ஒருவரைப் பிடித்து வருவார்களே, அப்படி வந்து இறங்கியவர் பிரௌன்லீ. ஹாரிஸ் தேறும்வரை ஒப்பேற்றுவார் என்பதுதான் கணக்கு.

அந்த வருடம் அக்டோபர் 19. அந்த லீக்கில் வருடத்துக்குப் பல கோப்பைகள்; அதில் ஒன்றான கவர்னர்ஸ் கோப்பை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், எதிரே மெரால்கோ அணி. 88-88 என்று நிற்கிறது, கடைசி சில விநாடிகள். பந்து பிரௌன்லீ கையில். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார். மணி அடிக்கிறது, பந்து உள்ளே விழுகிறது. 91-88. ஹினெப்ரா கோப்பையைத் தொட்டு 8 வருடம் ஆகியிருந்தது. அந்த அணிக்கு நாட்டில் இருக்கும் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த 8 வருடத்தின் பாரம் புரியும்.

2019 அக்டோபரில் என் மகனைப் பார்க்க மணிலா போயிருந்தேன். கியூபாவோ பகுதியில் உள்ள அரனெட்டா அரங்கத்தில், இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில், கூரைக்கு நாலு அடி கீழே உட்கார்ந்து ஒரு ஹினெப்ரா ஆட்டம் பார்த்தேன். 1975-ல் முகமது அலியும் ஜோ ஃபிரேசரும் மோதிய அதே அரங்கம். என் பக்கத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவர், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். பிரௌன்லீ ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். விழுந்ததா என்று என்னைத்தான் கேட்பார். எனக்கு அங்கே கிடைத்த பதவி அது.

2016-க்கும் 2023-க்கும் நடுவில் ஹினெப்ராவுக்கு 6 கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார் பிரௌன்லீ. ஒப்பேற்ற வந்தவர்! ஜனவரி 2023-ல் பிலிப்பைன்ஸ் அவருக்காகத் தனிச் சட்டமே போட்டுக் குடியுரிமை கொடுத்தது. அதே வருடம் ஹாங்சௌ ஆசியப் போட்டியில், அரையிறுதியில் சீனாவை அவர்கள் மண்ணிலேயே, 20 புள்ளிகள் பின்தங்கியிருந்து 77-76 என்று வென்றார்கள். அதில் அவர் போட்டது 33. இறுதியில் ஜோர்டானை 70-60. கூடைப்பந்தில் அந்த நாட்டுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் கிடைத்தது 1962-க்குப் பிறகு அப்போதுதான்.

இப்போது சொல்லுங்கள், அவர் கூலிக்கு வந்தவரா இல்லையா? வந்தவர்தான். அழுதது நிஜமா இல்லையா?

அந்தத் தங்கத்துக்குப் பிறகு போதைப் பொருள் பரிசோதனையில் மாட்டினாரே, அதை மறைத்துவிட்டீர்களே?
ம.க., திண்டுக்கல்

மறைக்கவில்லை, உங்கள் கேள்வியை அடுத்து வைத்திருந்தேன். மாட்டினார். கஞ்சாவின் எச்சம் உடம்பில் இருந்தது. இறுதி ஆட்டம் முடிந்த அடுத்த வாரமே அறிவித்துவிட்டார்கள். அணியில் ஒருவர் மட்டும் சிக்கினால் மொத்த அணியின் பதக்கம் போகாது என்பது விதி, அதனால் தங்கம் தங்கிற்று. அவருக்குத் தண்டனை வந்தது, அனுபவித்தார், திரும்பி வந்தார். மணிலாக்காரர்கள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து எப்போது வருவார் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஹினெப்ரா என்பது ஊரின் பெயரா?
செ.வி., பட்டுக்கோட்டை

ஜின் பாட்டிலின் பெயர். பராங்காய் என்றால் நம் ஊர் வார்டு மாதிரி. மெரால்கோ மின்சாரக் கம்பெனி. மற்ற அணிகளில் ஒன்று பீர், ஒன்று பெயின்ட், ஒன்று டெலிபோன், ஒன்று சுங்கச் சாலை. 1975-ல் தொடங்கிய இந்த லீக், அதாவது பி.பி.ஏ., ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அணிகள் ஊர்களுக்குச் சொந்தமில்லை, கம்பெனிகளுக்குச் சொந்தம். ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று கத்திப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாம் பாஸ்புக்குக்காகக் கத்தினோம், அவர்கள் பாட்டிலுக்காகக் கத்துகிறார்கள்.

உயரமான ஆள் கிடைத்தால் அள்ளிக்கொள்ள மாட்டார்களா? உயரம் கூடினால் திருப்பி அனுப்புவார்கள் என்று என் நண்பன் கதைவிடுகிறான்.
தா.பி., நாகர்கோவில்

உங்கள் நண்பரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிலிப்பைன்ஸில் கோப்பைக்குக் கோப்பை உயர வரம்பு வேறுபடும். 2016-ல் பிரௌன்லீ வந்த கவர்னர்ஸ் கோப்பையில் 6 அடி 5 அங்குலம்தான் அதிகபட்சமாக இருந்தது. உள்ளூர் ஆட்கள் குள்ளமாக இருக்கிறார்களே, ஏழடிக்காரர் வந்து ரிங்கடியில் நின்றால் ஆட்டமே செத்துவிடும் என்ற பயம். ஆகவே விமானத்தில் வந்து இறங்கியவரை ஷூவைக் கழற்றச் சொல்லி அளப்பார்கள். அமெரிக்காவில் அரை அங்குலம் கூட்டிச் சொல்லி வாழ்ந்தவர், ஆசியாவுக்கு வந்ததும் அரை அங்குலம் குறைய வேண்டிக்கொள்வார்.

உச்சம் தென் கொரியா. 2018-ல் அந்த நாட்டு லீக், வெளிநாட்டு வீரர் யாரும் 200 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அணிக்கு இரண்டு பேரில் ஒருவர் 186-க்குள் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. டேவிட் சைமன் என்ற அமெரிக்கர் அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அளந்தார்கள்: 202.1. 2.1 சென்டிமீட்டருக்காக வேலை போயிற்று. சார்ல்ஸ் ரோட்ஸ் என்ற இன்னொருவரை அளந்தார்கள்: 199.2. மனிதர் பரீட்சை பாஸான பையன் மாதிரி துள்ளிக் குதித்தார். உலகமே சிரித்தது, மறுவருடம் விதியைத் தூக்கிவிட்டார்கள். சைமன் இடத்தில் இருந்து யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு வலித்தால் ஒத்தடம் கொடுக்கலாம், உயரத்துக்கு என்ன செய்வது?

நீங்கள் ஏன் வெளிநாட்டில் ஆடவில்லை?
ஜெ.பி., வேலூர்

5 அடி 9 அங்குலம்.

என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காதவர்கள்தானே இப்படி அலைகிறார்கள்? தோற்றவர்களின் கதையை ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்?
கே.எல்., சேலம்

30 அணிகள், அணிக்கு 15 பேர். மொத்தம் 450 நாற்காலிகள். அமெரிக்கக் கல்லூரிகளில் உயர்மட்டத்தில் ஆடும் அணிகளே 350-க்கு மேல். 451-ஆவது ஆளைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்கு வந்தால் சரி.

அந்த 451-ஆவது ஆள் ஊரிலேயே காத்திருக்கலாம். ஜி லீக் என்று ஒன்று இருக்கிறது, என்.பி.ஏ.வின் வாசல் திண்ணை. அங்கே சீசன் முழுக்க ஆடினால் சுமார் 40,000 டாலர். உள்ளே கூப்பிட்டுவிட்டால் குறைந்தபட்சமே வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல். இந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் வயதாகிப் போனவர்கள் உண்டு. மற்றவர்கள் விமானம் ஏறுகிறார்கள். மைக் ஜேம்ஸ் என்பவரையும் 2012-ல் யாரும் எடுக்கவில்லை. ஐரோப்பாவில் கடைநிலை அணிகளிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். 2024-ல் கிரேக்கத்தின் ஸ்பனூலிஸை முந்தி, ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான யூரோலீக் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவரானார். நடுவில் என்.பி.ஏ. இரண்டொரு முறை கூப்பிட்டுப் பார்த்தது. பெரிதாக ஒட்டவில்லை.

இன்னொன்று. உள்ளூரிலேயே ஊர் ஊராக அலைகிறவர்களும் இருக்கிறார்கள். இஷ் ஸ்மித் என்பவர் என்.பி.ஏ.வுக்குள்ளேயே 13 அணிகளுக்கு ஆடினார், அது ஒரு சாதனை. 13-ஆவது அணியான டென்வர் 2023-ல் கோப்பை வாங்கியபோது அவருக்கும் ஒரு சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

சம்பளம் எப்படிப் பேசுவார்கள்? ஏமாற்றினால் யாரிடம் போவது?
வீ.ஆர்., ஈரோடு

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் சொந்தக் கதை சொல்ல வேண்டும்.

1982-ல் எனக்கு 22 வயது. மே மாதம் ஆனால் தென் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் டோர்னமெண்ட், இரவில் ஃபிளட்லைட் போட்டு. பெரியகுளம் மாதிரி அகில இந்திய அணிகள் வரும் பெரிய ஊரும் உண்டு, நாலு டியூப்லைட்டைக் கம்பத்தில் கட்டிய சின்ன ஊரும் உண்டு. சின்ன ஊர் அணிகள் வெளியிலிருந்து ஒன்றிரண்டு பேரை 'கெஸ்ட் பிளேயர்' என்று கூட்டிவரும். நான் அப்படிப் போவேன். ஆட்டத்துக்கு 75 ரூபாய், பஸ் சார்ஜ், பரோட்டா. பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது, எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். ஓர் ஊரில் அரையிறுதியில் தோற்றோம். விடிந்து பார்த்தால் எங்களைக் கூட்டிவந்த செயலாளரைக் காணோம். வீட்டுக்குப் போனேன். 'ஐயா கரும்பு வெட்டப் போயிருக்கார்' என்றார்கள். கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. பந்து பம்ப்பை அடகு வைத்து, பலசரக்குக் கடைக்காரரிடம் 12 ரூபாய் வாங்கி ஊர் வந்து சேர்ந்தேன். பம்ப் அணியுடையது, அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

ஐரோப்பாவில் இதே செயலாளர் கோட்டு போட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஒப்பந்தத்தில் வழக்கமாக இருப்பவை: மாதச் சம்பளம், வரி போகக் கையில் இவ்வளவு என்று. ஒரு வீடு, ஒரு கார், போக வர விமான டிக்கெட். ஏஜென்டுக்குப் பத்து சதவீதம், பெரும்பாலும் கிளப்பே கொடுக்கும். ஜெயித்தால் போனஸ். வந்து இறங்கியதும் டாக்டர் பரிசோதனை, அதில் தேறினால்தான் கையெழுத்துக்கு உயிர். முழங்காலில் பழைய தையல் தெரிந்தால் அடுத்த விமானம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டுமென்றால் பழைய நாட்டுச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நம் ஆபீஸ்களில் என்.ஓ.சி. என்று அலையவிடுவார்களே, அதே.

ஸ்பான்சர் ஓடிப்போவார், ஊராட்சி மானியம் நிற்கும், மூன்று மாதச் சம்பளம் பாக்கி விழும். முன்பெல்லாம் உள்ளூர் கோர்ட்டுக்குப் போய், புரியாத மொழியில் வருடக்கணக்காக இழுபட வேண்டும். பணம் வருவதற்குள் ஆட்டக்காரர் ரிட்டயராகியிருப்பார். 2007-ல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஜெனீவாவை இடமாகக் கொண்டு தனி நடுவர் மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. ஒரே ஒரு நடுவர், எல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும். சட்டப் புத்தகத்தைப் புரட்டாமல் நியாயம் எதுவோ அதைப் பார்த்துத் தீர்ப்பு. நம் பஞ்சாயத்துக்கு ஆலமரம் மட்டும்தான் அங்கே பாக்கி. தீர்ப்பை மதிக்காத கிளப் புது வெளிநாட்டு ஆளைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வரும். அந்தத் தடைக்குப் பயந்து பல கிளப்புகள் பழைய பாக்கியைக் கொடுக்கின்றன.

1982-ல் எங்கள் செயலாளர் மேல் இப்படி ஒரு தடை வந்திருந்தால் அடுத்த மே மாதம் நான் மறுபடி அதே ஊருக்குப் போயிருக்க மாட்டேன். போனேன். பம்ப்பை மீட்க வேண்டியிருந்தது.

ஸ்டீஃபன் மார்பரிகூட சீனாவில் ஆடினாரே, அவரும் நீங்கள் சொல்லும் ரகமா?
நி.ஹ., காயல்பட்டினம்

வேறு ரகம். 1996-ல் என்.பி.ஏ.வில் நாலாவது ஆளாக எடுக்கப்பட்டவர், இரண்டு முறை ஆல்-ஸ்டார், கோடிக்கணக்கில் சம்பாதித்தவர். அமெரிக்காவில் பெயர் கெட்டு, கூப்பிட ஆளில்லாத நிலையில் 2010 ஜனவரியில் ஷான்ஷி மாகாணத்துக்குப் போனார். அங்கிருந்து ஃபோஷான், 2011-ல் பெய்ஜிங். அங்கேதான் ஒட்டிக்கொண்டார். 2012-ல் பெய்ஜிங் அணிக்கு முதல் பட்டம், பிறகு 2014, 2015. அரங்கத்து வாசலில் சிலை வைத்தார்கள், அவர் கதையை மேடை நாடகமாகப் போட்டார்கள், அதில் அவரே நடித்தார். நிரந்தரக் குடியிருப்பு அட்டையும் கிடைத்தது. சுரங்கப்பாதை ரயிலில் ஏறி ஜனங்களோடு நின்று போவார்.

மாடியிலிருந்து விழுந்தவர் தரையில் வீடு கட்டிக்கொண்ட கதை இது. பிரௌன்லீ மாடியையே பார்க்காதவர். எனக்கு பிரௌன்லீ மேல்தான் பிரியம், மறைக்கவில்லை.

போன இடத்தில் கெட்டுப்போனவர்கள் இல்லையா?
அ.ச., தேவகோட்டை

பில்லி ரே பேட்ஸ். 1980-ல் போர்ட்லேண்டுக்கு என்.பி.ஏ. பிளே ஆஃபில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுத்தவர். குடி அவரைத் துரத்திற்று. 1983-ல் மணிலாவில் கிறிஸ்பா அணிக்கு வந்தார். திருப்பூர்க்காரர்கள் கவனிக்க: டி-ஷர்ட் கம்பெனி அணி. அந்த வருடத்தின் மூன்று கோப்பைகளும் கிறிஸ்பாவுக்கே போயின. பிலிப்பைன்ஸில் அவர் ஆடிய ஆட்டங்களின் சராசரி 46 புள்ளி. திருப்பிப் படியுங்கள், 46. 'பிளாக் சூப்பர்மேன்' என்றார்கள். அவர் பெயரில் ஷூ வந்தது. அவரை ராஜாவாக வைத்திருந்த ஊரில் கேட்டது கிடைக்கும், கேட்காததும் கிடைக்கும். ஆட்டம் நின்றது, கையில் காசும் நிற்கவில்லை. 1998-ல் நியூஜெர்சியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கொள்ளையடித்துச் சிறைக்குப் போனார். மணிலாவில் என் வயதுக்காரர்களிடம் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பங்க் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். பந்தை எப்படிப் பிடித்துக்கொண்டு எழும்புவார் என்று எழுந்து நின்று காட்டுவார்கள்.

பெண்களும் இப்படிப் போகிறார்களா சார்?
சு.மா., கும்பகோணம்

ஆண்களைவிட அதிக காரணத்தோடு போனார்கள். அமெரிக்கப் பெண்கள் லீக் கோடையில் மட்டும்தான், அப்போது சம்பளமும் சொற்பமாக இருந்தது. டயானா டராசி அங்கே மிகப் பெரிய பெயர். 2015-ல் அவருக்கு அமெரிக்காவில் கிடைக்கக்கூடிய உச்சச் சம்பளமே சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர். ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் அணி கொடுத்தது சுமார் 15 லட்சம். கோடையில் ஓய்வெடுத்தால் அதற்கும் தனியாகக் காசு தருகிறோம் என்றது ரஷ்யக் கிளப். வாங்கிக்கொண்டு அந்த வருடம் சொந்த நாட்டு லீக்கில் ஆடாமல் இருந்தார். நம் ஊரில் இதைச் சொன்னால் தேசத்துரோகம் என்பார்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன், எனக்குப் புரிகிறது.

அதே அணிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்னி கிரைனரை 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். பெட்டியில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். உக்ரைன் போர் தொடங்க ஒரு வாரம் இருந்தது. 9 வருடத் தண்டனை. டிசம்பரில் விக்டர் பௌட் என்ற ஆயுத வியாபாரியை அமெரிக்கா விடுவித்து, அதற்கு ஈடாக அவரை மீட்டது. அளவு நாடா, டாக்டர், என்.ஓ.சி. எல்லாம் தாண்டினாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் உண்டு.

குடியுரிமை கொடுத்து ஆடவைப்பது காசுக்கு நாட்டுப்பற்றை வாங்குவது ஆகாதா?
இரா.மு., மன்னார்குடி

ஆகலாம். அதனால்தான் 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர் ஓர் அணிக்கு ஒருவர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஜே.ஆர். ஹோல்டன் என்ற அமெரிக்கர் 2003-ல் ரஷ்யக் குடிமகனானார். நாலு வருடம் கழித்து மாட்ரிட்டில் ஐரோப்பிய இறுதி. எதிரே உலகச் சாம்பியன் ஸ்பெயின், அவர்கள் சொந்த அரங்கம். இரண்டு விநாடி சொச்சம் இருக்கும்போது ஹோல்டன் போட்ட பந்து ரிங்கில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே விழுந்தது. ரஷ்யா 60-59. காசுக்கு வாங்கியது என்று ஸ்பெயின்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ரஷ்யாக்காரர்கள் அந்த இரவில் ரசீது பார்க்கவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் 6 அடி 3 அங்குலம். மாவட்ட அணியில் இருக்கிறான். வெளிநாட்டில் ஆட அனுப்பலாமா? ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார்.
ஒரு தாய், கரூர்

அம்மா, முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நல்ல ஏஜென்ட் ஒப்பந்தம் கிடைத்த பிறகு கிளப்பிடமிருந்து வாங்குவார். முன்பணம் கேட்பவர் கரும்பு வெட்டப் போய்விடுவார்.

வெளிநாட்டு ஆளுக்கு ஓர் அணியில் இரண்டு மூன்று இடம்தான். அந்த இடத்தில், உள்ளூரில் கிடைக்காத சரக்கைத்தான் வைப்பார்கள். பந்தைத் தட்டிக் கொண்டுபோகும் 'கார்டு' இடத்து ஆட்டக்காரர் 6 அடி 3 அங்குலத்தில் எல்லா நாட்டிலும் தெருவுக்குத் தெரு கிடைப்பார். நம் நாட்டிலிருந்து போனவர்களைப் பாருங்கள். பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015-ல் டாலஸ் அணி 52-ஆவது ஆளாக எடுத்தது, இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அது முதல் முறை. ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. ஜி லீக், கனடா என்று போய், ஊக்கமருந்துத் தடை வந்து, பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். விவசாயக் குடும்பத்து அம்ரித்பால் சிங்கும் ஏழடிக்குப் பக்கம். 2017-ல் சிட்னி கிங்ஸ் எடுத்தது. அம்ஜியோத் சிங் அதே சமயம் ஜி லீக்கின் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணியில். மூவருமே உயரமும் திறமையும் சேர்ந்தவர்கள், அவர்களுக்கே ஓரிரு சீசன்தான்.

பையனைப் படிக்கவையுங்கள், ஆடவும் விடுங்கள். கல்லூரி இடம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயோ வங்கியோ. நான் அப்படித்தான் 34 வருடம் கவுண்டரில் உட்கார்ந்தேன். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி பம்ப்பை அடகு வைக்கவில்லை. அவன் இன்னும் ஐந்து அங்குலம் வளர்ந்தால் மறுபடி எழுதுங்கள்.

நான் தோஹாவில் 11 வருடமாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர். உங்கள் ஆட்டக்காரர்களுக்கும் எங்களுக்கும் சம்பளம் தவிர என்ன வித்தியாசம்? அவர்கள் எப்போது ஊர் திரும்புவார்கள்?
பெயர் வேண்டாம் என்றவர், கத்தார்

சம்பளத்தைத் தவிர்த்துவிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அங்கேயே பாதி பதில் சொல்லிவிட்டீர்கள்.

ஒற்றுமைதான் அதிகம் தம்பி. ஆகஸ்டில் போனால் மே, ஜூனில் திரும்புகிறார்கள். வீடும் காரும் கிளப்புடையவை. இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் முதலில் கை வைப்பது வெளிநாட்டு ஆள் மேல்தான். உள்ளூர் ஆள் மோசமாக ஆடினால் அவர் அத்தை ஊர்வலம் வருவார், இவருக்கு யார்? வேலை போன அன்றே வீட்டுச் சாவியும் போகும். அதனால் சில பேர் பெட்டியை முழுசாகப் பிரிப்பதே இல்லை. காலையில் ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒரு பயிற்சி, நடுவில் நாலு சுவர். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம் இவருக்கு மாலைப் பயிற்சி நேரம். நீங்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போன் போடும்போது என்ன கேட்பீர்களோ அதையேதான் கேட்பார்: சாப்பிட்டாயா, மழை பெய்ததா. வித்தியாசம் ஒன்று சொல்ல வேண்டுமானால், உங்கள் வேலையைப் பத்தாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பதில்லை. அது யாருக்கு நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எப்போது திரும்புவார்கள் என்றீர்கள். 2016-ல் பிரௌன்லீ அந்தக் கடைசிப் பந்தை எறிந்தபோது எதிர் அணியான மெரால்கோவின் பெஞ்சில் பயிற்சியாளராக நின்றவர் நார்மன் பிளாக். பால்டிமோர் பக்கத்து அமெரிக்கர். 1981-ல் இதே மாதிரி ஒரு பெட்டியோடு மணிலாவில் இம்போர்ட்டாக இறங்கியவர். வாங்குகிற காசுக்கு முழுசாக உழைப்பார் என்று 'மிஸ்டர் 100 பெர்சன்ட்' என்ற பெயர் விழுந்தது. ஆடி முடித்தவர் பயிற்சியாளரானார். 1989-ல் சான் மிகுவெல் அணிக்கு ஒரே வருடத்தில் மூன்று கோப்பைகள். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. 35 வருடம் கழித்து, தன்னைப் போலவே வந்த ஒருவர் கையால் கோப்பையைப் பறிகொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கைகுலுக்கினார்.

அவர் மகன் ஆரன் பிளாக் பிறகு அதே லீக்கில் ஆட வந்தார். அவரை யாரும் அளக்கவில்லை. உள்ளூர்ப் பையன்கள் பட்டியலில் எடுத்தார்கள்.